புகையைப் பார்த்துத்தான் அழுத்தினேன்

அந்தப் பெண் நூறு மீட்டரைப் பதினொன்று புள்ளி நான்கு விநாடியில் ஓடினாள். இதைச் சொல்ல உயிரோடு மிச்சமிருப்பவன் நான் ஒருவன் என்பதுதான் அவளுடைய தலையெழுத்து.

நான் வாட்ச் ரிப்பேர் செய்கிறவன். கடைக்கு முன்னால் பெரிதாகப் பலகை தொங்கினாலும் யாரும் அதைப் படித்து வருவதில்லை. 'எறும்பு கடை எங்கே' என்று கேட்டுத்தான் வருவார்கள். காரணம் ஒரு பழைய கைக்கடிகாரம். ஒருநாள் அதைத் திறந்தேன். உள்ளே ஓர் எறும்பு செகண்ட் முள்ளின் சக்கரத்தை முதுகு கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பாவம் என்று எடுத்து வெளியே விட்டேன். கடிகாரம் நின்றுவிட்டது. எதைத் துடைத்தும், எங்கே எண்ணெய் விட்டும் ஓடவில்லை. மறுபடி அந்த எறும்பையே தேடிப் பிடித்து உள்ளே விட்டு மூடினேன். பன்னிரண்டு வருஷம் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடியது. வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சர்க்கரை போட வேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் சிரிக்காமல் சொல்வேன். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அதிலிருந்து எறும்பு என்றால் நான், நான் என்றால் புளுகு. நானும் சும்மா இருக்காமல், ரிப்பேர் செய்யும் ஒவ்வொரு கடிகாரத்தின் பின்மூடிக்குள்ளும், என் கருவிகளின் பிடியிலும் ஊசியால் ஒரு சின்ன எறும்பைக் கீறிவைக்கப் பழகினேன். அந்த எறும்பு பின்னால் என்னையே கடித்தது.

ஓட்டப்பந்தயச் சங்கத்தின் ஸ்டாப்வாட்சுகளைச் சுத்தம் செய்கிறவன் நான்தான். அதனால் பந்தய நாளில் நேரம் பார்க்கவும் என்னையே நிறுத்தினார்கள். முதலில் வருகிறவருக்கு மூன்று பேர் நேரம் பார்ப்போம்: நான், ஒரு தபால்காரர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மூன்று நேரங்களில் நடுவில் விழுவதுதான் எடுபடும். இந்த வேலைக்கு உயிர்நாடி ஒரே ஒரு விதி. துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது. புகையைப் பார்த்து அழுத்த வேண்டும். நூறு மீட்டர் தாண்டி அந்தச் சத்தம் நம் காதுக்கு வர, ஒரு விநாடியைப் பத்தாக்கினால் அதில் மூன்று பங்கு ஆகும். சத்தத்துக்கு அழுத்துகிறவன் அந்த மூன்று பங்கை ஓடுகிறவருக்கு இனாமாகக் கொடுக்கிறான். அதற்காகத்தான் துப்பாக்கிக்காரருக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பலகையை நிறுத்துவார்கள், புகை பளிச்சென்று தெரிய. நான் சொல்லாத பொய் இல்லை. ஆனால் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துவிட்டால் ஒன்றுகூடச் சொன்னதில்லை. கட்டைவிரலுக்குக் கற்பனை கிடையாது.

அக்காள் தங்கை இரண்டு பேர் அந்தக் காலத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். இளையவள் தையல் மெஷினில் இருந்தாள். வேலை முடிந்து, பேருந்துக்கு நிற்காமல் மைதானத்துக்கு ஓடியே வருவார்கள். ஓட்டப் பயிற்சி எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

பெண்கள் உடை மாற்றும் அறை, பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மூன்று வருஷமாக இல்லை. சங்கத்தின் செயலாளர், எல்லாரும் வந்தாயிற்றா என்று எண்ணிப் பார்க்கிற சாக்கில் தட்டாமல் கொள்ளாமல் உள்ளே வருவார். பதினோரு பெண்களை எண்ண அந்த மனிதருக்குக் கால்மணி நேரம் ஆகும். எண்ணிக்கையில் அவ்வளவு மந்தமான ஆளை எப்படிச் செயலாளராக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெண்கள் ஆறு மனு கொடுத்தார்கள். ஆறாவதுக்குப் பதில் வந்தது: 'விளையாட்டு வீராங்கனைகள் கூச்சத்தை வெல்லப் பழக வேண்டும்.' அதன் பிறகு, ஒருத்தி கதவில் முதுகைச் சாய்த்து நிற்க மற்றவர்கள் உடை மாற்றுவது என்று ஆயிற்று.

அந்தப் பந்தயத்தின் காலையில் அக்காளும் தங்கையும் இரும்புக்கடையில் தாழ்ப்பாள் ஒன்றும் திருகாணி எட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தாங்களே மாட்டிக்கொள்வதென்று முடிவு. திருப்புளிதான் இல்லை. மூத்தவள் என்னிடம் வந்து, "அண்ணே, திருப்புளி இருக்கா?" என்று கேட்டாள்.

என்னிடம் திருப்புளி இருக்கிறதா என்றா கேட்டாள்! பெட்டியில் முப்பத்திரண்டு வைத்திருந்தேன். பெருமையாகத் திறந்து, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து, சுவர்க்கடிகாரத்துக்கு என்று வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்தேன். அதன் முனை பென்சில் சீவிய அகலம். கதவுத் திருகாணியின் வெட்டோ கட்டைவிரல் நக அகலம். வாட்ச்காரனுக்கு உலகமே வாட்ச் அளவில்தான் இருக்கும். திருப்புளி இரண்டு சுற்று வழுக்கியது, மூன்றாவது சுற்றில் முறிந்தது. ஒரு திருகாணிகூட ஏறவில்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசிப் பெண் உடை மாற்றி முடிக்கிற வரை கதவைத் தாங்கி நின்றுவிட்டு, கைகால் உதறிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் மூத்தவள் கோட்டுக்கு வந்தாள்.

அவள் ஓடியபோது அவளுடைய நிழல் எட்டடி பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தது என்று ஒரு கதை வைத்திருக்கிறேன். கடையில் நூறு தடவை சொல்லியிருப்பேன். இப்போது சொல்லப் போவதில்லை. நடந்தது இதுதான்: கறுப்புப் பலகைக்கு முன்னால் புகை தெரிந்தது. அழுத்தினேன். அதன் பிறகுதான் சத்தம் வந்தது. அவள் நெஞ்சு கோட்டைத் தொட்டது. அழுத்தினேன். பதினொன்று புள்ளி நான்கு. தபால்காரருக்கும் பதினொன்று நான்கு. வாத்தியாருக்குப் பதினொன்று ஐந்து. அக்காளுக்கு ஒரு முழம் பின்னால் தங்கை வந்தாள். அவளுக்கு நேரம் பார்த்தவர்கள் பதினொன்று ஐந்து என்றார்கள். அதுவரை நாட்டில் எந்தப் பெண்ணும் பதினொன்று ஆறுக்குக் கீழே வந்ததில்லை. ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், ஒரே மூச்சில் அதைத் தாண்டிவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் அரைமணி நேரம். பரிசு மேடையில் ஏறினார்கள். கொடி ஏறியது. அப்போது மூத்தவள் சட்டைக்குள்ளிருந்து அந்தத் தாழ்ப்பாளை எடுத்து வலது கையில் தூக்கிப் பிடித்தாள். இளையவள் உடைந்த திருப்புளியைத் தூக்கிப் பிடித்தாள். பாட்டு முடியும் வரை இறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்தால், நாட்டில் அன்று வேறொன்றும் நடக்கவில்லை போலிருந்தது. கொடிக்கு அவமானம் என்றது ஒன்று. ரகசியக் கூட்டத்தின் சின்னம் என்றது இன்னொன்று. இளையவள் கையில் இருந்தது ஆயுதம் என்று வட்டம் போட்டுக் காட்டியது மூன்றாவது. சுவர்க்கடிகாரத் திருப்புளியால் குத்திக் கொல்ல வேண்டுமானால், சாகிறவர் மிகவும் ஒத்துழைக்க வேண்டும். அந்தக் கதவைப் போய்ப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஓடிய நேரத்தை எழுதியவரும் இல்லை. இரண்டாம் நாள் இரண்டு பேருக்கும் ஆயுள்தடை.

மூன்றாம் நாள் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு தாள். தாளின்மேல் உடைந்த திருப்புளி. பக்கத்தில், எனக்கு மரியாதையாக, ஒரு பூதக்கண்ணாடி. "இந்த எறும்பு யாரோடது?" என்று கேட்டார். சதியில் எனக்கும் பங்கு உண்டா என்று போலீஸ் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தனக்கே புரியவில்லை என்றும், அந்தத் தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால் யாரும் கேட்காமலே போகலாம் என்றும் சொன்னார். தாளில் இருந்தது: 'அன்று வீசிய காற்றில் புகை தெரியவில்லை. நேரம் பார்த்தவர்கள் சத்தத்தைக் கேட்டே அழுத்தினோம்.' தபால்காரரும் வாத்தியாரும் ஏற்கனவே போட்டிருந்தார்கள்.

அன்று காற்றே இல்லை. கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதே கொடியைத்தான் அந்தப் பெண்கள் அவமதித்தார்கள் என்று அதே ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கையெழுத்துப் போட்டேன். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. என் பேனாதான், என் கைதான். மூன்று பங்கு கூட்டி, மூத்தவளுக்குப் பதினொன்று ஏழு, இளையவளுக்குப் பதினொன்று எட்டு என்று எழுதினார்கள். பழைய சாதனை பழையபடி நின்றது. ஆயுசில் நான் சொன்ன பொய்களில் எல்லாரும் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

நாற்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. காலம் மாறியதில் தாழ்ப்பாளுக்கு யோகம் அடித்தது. அன்று திட்டிய அதே பத்திரிகைகள் 'தாழ்ப்பாள் சகோதரிகள்' என்று சிறப்பிதழ் போட்டன. சட்டையில் குத்திக்கொள்ளக் குட்டித் தாழ்ப்பாள்கள் விற்றார்கள். மூன்று மாதத்துக்கு முன் இளையவள் இறந்தபோது பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதில் ஒன்று அவளை உயரம் தாண்டும் வீராங்கனை என்றது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து மூத்தவள் என் கடைக்கு வந்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்த கைகளை மேஜைமேல் வைத்து, நான் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். ஓர் அழைப்பிதழை என் பக்கம் தள்ளினாள்.

"மைதானத்துல எங்களுக்குச் சிலை வெக்கிறாங்களாம்."

"சந்தோஷம்மா."

"என்ன சந்தோஷத்தைக் கண்டீங்க? படத்தைப் பாருங்க. தாழ்ப்பாள் என் தொடையை விடப் பெருசா இருக்கு."

பார்த்தேன். பெரிதாகத்தான் இருந்தது. பீடத்தில் இருவர் பெயரும், 'அநீதிக்கு எதிராகக் கை உயர்த்தியவர்கள்' என்ற வரியும். நேரம் இல்லை. ஓடினார்கள் என்றுகூட இல்லை.

"அன்னைக்கு எங்களைக் காறித் துப்புனவனும் தாழ்ப்பாளைத்தான் பாத்தான். இன்னைக்கு மாலையோட வர்றவனும் தாழ்ப்பாளைத்தான் பாக்கறான். நடுவுல நான் ஒருத்தி ஓடுனேனே, அதை எவன் பாத்தான்?"

"நான் பாத்தேன்."

"பாத்து என்ன கிழிச்சீங்க? கையெழுத்துப் போட்டீங்க."

அவளே தொடர்ந்தாள். இப்போதைய செயலாளர் பழையவருடைய மருமகன். அவரிடம் போய், பீடத்திலும் சாதனைப் புத்தகத்திலும் தங்கள் நேரத்தைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மூன்று கையெழுத்து இருக்கிறது, இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மூன்றாவது எறும்புக்காரர், அவர் மாற்றிச் சொன்னால் யாரம்மா நம்புவார்கள் என்று அந்த ஆள் சிரித்திருக்கிறார். தங்கை சாவதற்கு முதல்நாள்கூட இவள் கையைப் பிடித்து, நம்ம நேரம், நம்ம நேரம் என்றுதான் முனகினாளாம்.

நான் இழுப்பறையைத் திறந்து பழைய ஸ்டாப்வாட்ச் ஒன்றை எடுத்தேன். இதைப் பதினொன்று நான்கில் நிறுத்தி, அன்றிலிருந்து தொடாமல் வைத்திருக்கிறேன் என்று காட்டலாமே என்றேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாட்சே சூடாகிவிட்டது.

"நடந்ததைச் சொல்றதுக்குக்கூட உங்களுக்குப் பொய்தான் வருதா? விழாவுக்கு வாங்க. மேடையேறி நடந்ததைச் சொல்லுங்க. அது போதும்." வாசலில் நின்று திரும்பினாள். "அப்புறம், ஒரு திருப்புளி கொண்டு வாங்க. இந்தத் தடவை கதவுக்கு ஆகற மாதிரி."

இரும்புக்கடையில் போய்ப் பெரிதாக ஒன்று வாங்கினேன்.

விழாவன்று நல்ல கூட்டம். சிலை துணிக்குள் இருந்தது. எதையோ அடைத்து வைத்தது போலத் தாழ்ப்பாள் மட்டும் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. சிறப்பு விருந்தினர் மந்திரி. இரண்டு டிவி கேமரா. மூத்தவள் கேட்டுக்கொண்டதால் எனக்கும் இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். நான் எழுந்ததும் முன்வரிசையில் ஒருவர் இப்போதே சிரிக்கத் தயாராகி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அன்று காற்றில்லை, புகையைப் பார்த்துத்தான் அழுத்தினேன், பதினொன்று நான்கு, கையெழுத்துப் பொய் என்றேன். கூட்டம் புன்னகையோடு காத்திருந்தது. கதவுத் தாழ்ப்பாளுக்கு வாட்ச் திருப்புளியைக் கொடுத்தவனே நான்தான் என்றேன். வெடித்துச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து, "எறும்பை விட்டுட்டீங்களே" என்று ஒரு குரல். செயலாளர் மைக்கை வாங்கி, ஐயாவின் கற்பனைக்கு ஒரு பலத்த கைதட்டல் கேட்டார். கொடுத்தார்கள். ஆயுசுக்கும் எனக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. ஒவ்வொரு கையையும் பிடித்து முறிக்க வேண்டும் போலிருந்தது. அதில் முதல் கை என்னுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். அறுபது வருஷமாகச் சிரிக்கப் பழக்கியவன் நான் அல்லவா.

மூத்தவள் சிரிக்கவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. துணியை இழுக்கிற நேரம் வந்தபோது, பெண்கள் அறைக்குப் போய் வந்துவிடுவதாகச் செயலாளரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். போகும்போது என் பக்கம் ஒரு தலையசைப்பு. பின்னாலேயே போனேன்.

அதே படிக்கட்டு. அதே அறை. கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, அதில் தாழ்ப்பாள் படம் ஒன்றை அழகாக வரைந்திருந்தார்கள். நிஜத் தாழ்ப்பாளும் இருந்தது. வெளிப்பக்கம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவை திருட்டுப் போகாமலிருக்கத்தான் அந்தத் தாழ்ப்பாள்.

"உங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்" என்றாள். திரும்பாமலே கையை நீட்டினாள். திருப்புளியை வைத்தேன்.

படுக்கை விரிப்புப் பிழிந்த மணிக்கட்டு. எட்டுத் திருகாணியும் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. தாழ்ப்பாளையும் அதன் கொண்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மரத்தில் திருகாணி ஏறுகிற முனகல் எட்டுத் தடவை கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்த சத்தம். எனக்குத் தெரிந்து அந்தக் கதவை ஒரு பெண் உள்ளிருந்து சாத்தியது அதுவே முதல் தடவை. பையில் கிடந்த ஸ்டாப்வாட்சை என் கட்டைவிரல் தானாக அழுத்தியது.

கொஞ்ச நேரத்தில் செயலாளர் வந்து கதவைத் தட்டினார். மாமனார் தட்டியதே இல்லை. ஒரு தலைமுறையில் குடும்பம் எவ்வளவோ முன்னேறியிருந்தது.

"மந்திரி காத்துட்டிருக்காரும்மா."

"இருக்கட்டும்" என்றது உள்ளிருந்து குரல். "எனக்குப் பதினொண்ணு நாலு, என் தங்கச்சிக்குப் பதினொண்ணு அஞ்சு. கல்லுல வெட்டறேன்னு, புஸ்தகத்துல போடறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வர்றேன்."

செயலாளர் கெஞ்சினார். கொஞ்சம் மிரட்டினார். கதவு எதற்கும் மசியவில்லை. தூரத்தில் கேமராக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதிய தாளைக் கதவிடுக்கில் தள்ளினார். அது அப்படியே திரும்பி வந்தது.

"கண்ணாடி கைப்பையில இருக்கு, பை மேடையில இருக்கு. வாட்ச்காரரே, நீங்க படிங்க."

தாளை எடுத்தேன். 'தங்கள் கோரிக்கை உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்.' செயலாளர் என் காதருகே குனிந்தார். "அவங்க கேக்கறதையே படிச்சிடுங்க ஐயா. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பதினொண்ணு நாலுன்னு எழுதியிருக்கும்மா என்று ஒரு வாய் சொன்னால் கதவு திறக்கும். துணி விழும். மந்திரி போவார். எல்லாரும் வீட்டுக்குப் போவோம். என் ஆயுசில் அவ்வளவு சுலபமான பொய் வாய்க்கு வந்ததில்லை. உள்ளே அவள் மூச்சு கேட்டது. கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள் என்று தெரிந்தது. தாழ்ப்பாள் போட்ட பிறகும்.

"பரிசீலிக்கப்படும்னு எழுதியிருக்கும்மா" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல."

செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில், என் எழுபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் நான் பொய் சொல்லவில்லையே என்று ஏமாந்து போனது தெரிந்தது.

"வேற தாள் எடுங்க" என்றது உள்ளே குரல்.

இரண்டாவது தாளில் மூத்தவளின் நேரம் மட்டும் இருந்தது, அதுவும் 'என்று கூறப்படுகிறது' என்ற வாலோடு. தங்கையைக் காணோம். அதையும் அப்படியே படித்தேன். உள்ளேயிருந்து கதவில் ஒரு குத்து விழுந்தது. சுவரிலிருந்து பெயின்ட் பொடி உதிர்ந்தது. மந்திரியின் உதவியாளர் ஓடிவந்து, ஐயா கிளம்பப் போகிறார் என்றார். மூன்றாவது தாள் வந்தது. இரண்டு பெயர், இரண்டு நேரம், கல், புத்தகம், கையெழுத்து, தேதி. படித்தேன்.

"புகையா, சத்தமா?"

"புகையைப் பாத்து எடுத்த நேரம்னு இருக்கும்மா."

"எழுத்துக் கூட்டிப் படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

வெளியே வந்தவள் தாளை என் கையிலிருந்து வாங்கினாள். உதவியாளரை அனுப்பி மேடையிலிருந்து கைப்பையைக் கொண்டுவரச் சொன்னாள். கண்ணாடியை எடுத்து மாட்டி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தானே படித்தாள். மந்திரி, செயலாளர், கேமரா எல்லாம் காத்திருந்தன. எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தால் இரண்டு தடவை படித்திருப்பேன். மடித்து, அன்று தாழ்ப்பாள் இருந்த இடத்தில், சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

ஸ்டாப்வாட்சை எடுத்துப் பார்த்தேன். "முப்பத்தெட்டு நிமிஷம். ஆனா சத்தத்தைக் கேட்டு அழுத்துனதும்மா. கதவுக்கு உள்ள என்ன நடந்ததுன்னு பாக்க முடியல."

"பாக்கக் கூடாதுன்னுதானே தாழ்ப்பாள்" என்றாள். செயலாளர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "முப்பத்தெட்டு நிமிஷ வேலை. நாற்பத்தொரு வருஷம் வெச்சிருந்தீங்க. என் தங்கச்சி செத்துப்போய் மூணு மாசம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை. திருப்புளியைக் கையில் பிடித்தபடி மைதானத்தைக் குறுக்கே கடந்து சிலையை நோக்கி நடந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம். அறுபத்து நான்கு வயசு. ஒருவராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.